மூன்றுக்கு மேலே ஆறு

கூடலூரில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எதிரே
ஆறடிக்கு நாலடி, என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் வரி.
காலாண்டு முடிகிற வாரம்
டீ ஆறிப்போய்த்தான் குடிப்பேன்.

மூன்று மாநிலம் முட்டிக்கொள்ளும் ஊர் இது.
நாடுகாணி இறங்குகிறவருக்கு ஒரு சீட்டு,
கக்கநல்லா தாண்டுகிறவருக்கு இன்னொன்று,
தாளூர்ப் பக்கம் மரம் ஏற்றுகிறவருக்கு
எதைக் காட்டினாலும் போதாத ஒரு நாள்.
தேசிய பர்மிட், தற்காலிக பர்மிட், பசுமை வரி,
தகுதிச் சான்று, புகைச் சான்று, காப்பீடு.
ஸ்டெப்னி இல்லாமல் போகிற லாரியைப் பார்த்திருக்கிறேன்,
ஃபைல் இல்லாமல் போனதைப் பார்த்ததில்லை.

நான் மைசூர் போனதில்லை.
ஆனால் அந்தச் சாலையில் ஓட
எத்தனை டன்னுக்கு எவ்வளவு என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

போஜன் கேத்தியிலிருந்து கேரட் ஏற்றுகிறவர்.
ஒரே லாரி, அதிலும் பாதி ஃபைனான்ஸ்காரருடையது.
அந்த ஏப்ரலில் பணத்தை எண்ணாமல் நீட்டினார்:
"நீங்க எண்ணினா சரியா இருக்கும், சிவபாக்கியம்."
எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது.
தட்டினேன்.
விசைப்பலகையில் மூன்றுக்கு நேர் மேலே ஆறு.
நாற்பத்து மூன்று என்றால் நீலகிரி,
நாற்பத்தாறு பெரம்பலூர்.
இப்போது சேஸிஸ் எண்ணும் கேட்கிறார்கள்.
அன்று கேட்கவில்லை.
பிரிண்டர் சூடாக ரசீதைத் துப்பியது.
இருவரும் பார்த்தோம், இருவரும் படிக்கவில்லை.

தொரப்பள்ளியில் இரவு எட்டு நாற்பதுக்கு மறித்தார்கள்.
ஒன்பதுக்குக் காட்டு கேட் சாத்திவிடும்.
"வரி கட்டலையே" என்றாராம் ஆய்வாளர்.
இவர் ரசீதை நீட்ட,
டார்ச்சை அதன்மேல் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு
"கட்டியிருக்கீங்க. உங்க வண்டிக்கு இல்ல."
அந்தக் குரலில் கேலி இல்லை என்றார் போஜன்.
இருந்திருந்தால் தேவலை என்றும் சொன்னார்.

கழுவிய கேரட் இரண்டு ராத்திரி தாங்காது.
சாக்குக்குள் வியர்த்து, வழவழத்து,
மைசூர் மண்டி போய்ச் சேர்ந்தபோது
மாட்டுக்கு விலை கேட்டார்களாம்.
அபராதத்தை நான் கட்டினேன், சீட்டுப் பணத்தில்.
வரியையும் மறுபடி நானே கட்டினேன்,
ஒவ்வோர் எண்ணாக உரக்கப் படித்து.
போஜன் திட்டவில்லை.
திரும்பி வந்ததும் ஒரு சாக்கைத் தோளில் சுமந்து
கடை வாசலில் இறக்கினார்.
"இது உங்க பங்கு."
மூன்று நாள் அந்த நாற்றத்தில் வியாபாரம் பார்த்தேன்.

பெரம்பலூருக்கு மனு எழுதினேன்.
ஐயா, கைத்தவறுதலாக, தங்கள் அலுவலக எல்லைக்குட்பட்ட...
நாலு மாதம் கழித்து முத்திரையோடு பதில்:
செலுத்திய வரி செலுத்தப்பட்ட வாகனத்துக்கே உரியது.

தலைமன்னாரில் யாரோ ஒரு குமாஸ்தா
அப்பாவின் பெயரில் ஒரு சுழியை மாற்றிப் போட்டதில்
பதினோரு வருஷம் அவர் இன்னொருவராகச்
சம்பளம் வாங்கினார், தேயிலைத் தோட்டத்தில்.
அந்த இன்னொருவர் யாரென்று
வீட்டில் யாரும் கேட்டதில்லை.

நான் கேட்டேன்.
வேலை ஓய்ந்த ஒரு மதியம்
அந்தப் பெரம்பலூர் எண்ணை அடித்துப் பார்த்தேன்.
உரிமையாளர் பெயரில் பாதி நட்சத்திரக் குறிகள்.
அடர்நீலம். பன்னிரண்டு வருஷப் பழசு.
சின்ன வெங்காயம் ஏற்றும் என்று நானே வைத்துக்கொண்டேன்.
ஒரு காலாண்டு முழுக்க எங்கள் கேரட் காசில் ஓடியிருக்கிறது,
ஒரு ஆய்வாளராவது அதை நிறுத்தி
சரி, போ என்று கையசைத்திருப்பார்.

பிறகு ஒவ்வொரு காலாண்டும் பார்ப்பேன்.
வரி உண்டு. வரி உண்டு. தாமதம், ஆனால் உண்டு.

இந்த அக்டோபரில் இல்லை.
தகுதிச் சான்று ஆகஸ்டிலேயே முடிந்திருக்கிறது.
காப்பீடும் போய்விட்டது.
போஜன் வரி கட்ட வந்து நின்றார்,
இந்த முறை பணத்தை அவரே எண்ணி, இரண்டு தரம்.
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
"எந்த வண்டி இது?"
"நம்ம பெரம்பலூர் வண்டி."
கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு
கடைசி வரி வரைக்கும் படித்தார்.
"வெங்காயத்துக்கு இந்த வருஷம் விலையே இல்ல" என்றார்.
அப்புறம், நிலுவை எவ்வளவு என்று
விரலை வைத்துத் தேட ஆரம்பித்தார்.